கொலனோஸ்கோபிக்கு முன் வயிறு கழுவ எது நல்லது? திருகோணமலையிலிருந்து போகிறவர்கள் வாசியுங்கள்

கேள்வி: 2025 ஜூன் 3, மாலை 6.15

அப்பாவுக்கு 61 வயது, சீனி வருத்தம் இருக்கிறது. இன்னும் இரண்டு கிழமையில் கண்டியில் கொலனோஸ்கோபி, பெருங்குடலுக்குள் கமரா விட்டுப் பார்க்கிற பரிசோதனை. டொக்டர் துண்டில் நாலு லீற்றர் மருந்து என்று எழுதியிருக்கிறார். பக்கத்து வீட்டு மாமா தனக்கு இரண்டு சின்னப் பக்கற்றோடு அலுவல் முடிந்தது என்கிறார். அப்பம்மா ஆமணக்கெண்ணெய் ஒரு கரண்டி போதும் என்கிறா. எது நல்லது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கோ. நாங்கள் சாம்பல்தீவு.

2025 ஜூன் 3, இரவு 9.40

நாலு தரம் குடித்தவன் எழுதுகிறேன். அண்ணனுக்கு 53 வயதில் பெருங்குடலில் புற்றுநோய் கண்டுபிடித்தார்கள். அதனால் என்னை ஐந்து வருடத்துக்கு ஒருக்கால் வரச் சொல்லியிருக்கிறார்கள். 2014இல் இரண்டு தரம், பிறகு 2019, 2024.

ஆமணக்கெண்ணெயை இப்போதைக்கு விடுங்கள். அதை வேறாக எழுதுகிறேன், அப்பம்மாவுக்கும் வாசித்துக் காட்டலாம்.

நாலு லீற்றரா, சின்னப் பக்கற்றா என்று சண்டை பிடிக்க அதிகம் இல்லை. ஒழுங்காகக் குடித்தால் இரண்டும் கழுவும். என்னைக் கெடுத்தது மணிக்கூடு. 2014இல் முதல் தரம் நாலு லீற்றரையும் முதல்நாள் பின்னேரம் நாலு மணிக்குத் தொடங்கி எட்டு மணிக்குள் குடித்து முடித்தேன். இரவு இரண்டரைக்கு வான். கண்டிக்குப் போய்ச் சேர ஏழு மணி. ஒன்பது மணிக்கு என்றிருந்த முறை தள்ளித் தள்ளிப் பகல் ஒன்றரைக்குத்தான் வந்தது. அதாவது குடித்து முடித்துப் பதினேழு மணித்தியாலத்துக்கு மேல்.

பெருங்குடலைக் கழுவிவிட்டாலும் சிறுகுடல் சும்மா இருக்காது. பித்தமும் சளியுமாகக் கீழே இறக்கிக்கொண்டே இருக்கும். அது முதலில் படிகிற இடம் பெருங்குடல் தொடங்கும் வலது பக்கம். எனக்கு அங்கே பச்சையும் மஞ்சளுமாக ஒரு படை, கழுவாத வாளியின் அடியில் பாசி பிடித்திருக்குமே, அந்த மாதிரி. டொக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். "இதற்குக் கீழே என்ன இருக்கிறதென்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது" என்றார். இரண்டு மாதத்தில் திரும்ப வரச் சொன்னார். 2014இல் இரண்டு தரம் போன கதை அதுதான்.

தம்பி, டொக்டரிடம் முதலில் இதைக் கேளுங்கள்: இரண்டாம் பாதி மருந்தை எத்தனை மணிக்குக் குடிக்க வேண்டும்?

2025 ஜூன் 4, காலை 6.50

மனிசி வாசித்துவிட்டா. "நாலு லீற்றரையும் குடித்தேன்" என்று எழுதியது பொய்யாம். சரி, மூன்று லீற்றருக்குக் கிட்ட. மிச்சம் கிணற்றடிக் கறிவேப்பிலைக்குப் போனது. மரம் நன்றாகத்தான் இருக்கிறது. மணிக்கூட்டின் மேல் முழுப் பழியையும் போட்டது பிழை.

2025 ஜூன் 4, இரவு 10.05

இன்று கடையில் இருந்து யோசித்தது. நான் குடித்த மருந்துகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அப்பாவுக்கு எழுதியிருக்கும் நாலு லீற்றர் அநேகமாகப் பொலிஎதிலீன் கிளைக்கோல் தூளாக இருக்கும். இது குடலில் உறிஞ்சப்படாத பெரிய மூலக்கூறு. தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொண்டு அப்படியே மறுபக்கத்தால் வெளியே வரும். கூடவே உப்புகளும் அளவாகச் சேர்த்திருப்பார்கள். அதனால் உடம்பிலிருந்து உப்பும் தண்ணீரும் பெரிதாகக் குறையவும் மாட்டா, கூடவும் மாட்டா. 1980இல் அமெரிக்காவில் இந்தக் கலவையை உருவாக்கினார்கள். அதற்கு முன் இரண்டு மூன்று நாள் தண்ணீர்ச் சாப்பாடு, பேதி மருந்து, எனிமா என்று வதைத்திருக்கிறார்கள். சிறுநீரகமோ இதயமோ பலவீனமான ஆட்களுக்குப் பெரும்பாலும் இதைத்தான் எழுதுவார்கள். சீனி வருத்தக்காரருக்கு இதைக் கொடுத்ததற்கும் அதுதான் காரணமாக இருக்கும். ஒரே குறை அளவு. கால் லீற்றர் கிளாஸ் பதினாறு. பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒன்று. ருசி எப்படி என்றால், உப்புவெளியில் வாயைத் திறந்துகொண்டு கடலில் முங்கி எழும்பினால் எப்படி, அதில் யாரோ தேசிக்காய் பிழிந்துவிட்ட மாதிரி.

மாமாவின் சின்னப் பக்கற் சோடியம் பிக்கோசல்பேற்றும் மக்னீசியம் சித்திரேற்றும் சேர்ந்தது. 2019இல் எனக்கு அதுதான். ஒரு பக்கற்றை அரைக் கிளாஸ் தண்ணீரில் கொட்டிக் கலக்கினால் கிளாஸ் கையிலேயே சூடாகும். முதல் தரம் பயந்து மேசையில் வைத்துவிட்டேன். பயப்பட ஒன்றுமில்லை, ஆறவைத்துக் குடிக்க வேண்டியதுதான். தோடம்பழச் சுவை, இரண்டு மிடறில் முடியும். குடலில் இருக்கிற பக்றீரியா பிக்கோசல்பேற்றை உடைத்த பிறகுதான் அது வேலை செய்யத் தொடங்கும். மக்னீசியம் தண்ணீரை உள்ளே இழுக்கும். சின்னப் பக்கற் என்றவுடன் ஆட்கள் ஏமாறுவது அங்கேதான். கழுவுகிற தண்ணீர் பக்கற்றில் இல்லை, அதை நாங்கள் தனியாகக் குடிக்க வேண்டும், மணிக்கொரு பெரிய கிளாஸாக. நான் குடிக்கவில்லை. தலை சுற்றிக் கக்கூசுக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெறும் தண்ணீரை மட்டும் குடித்தாலும் பிழைதான், உடம்பில் சோடியம் இறங்கும். வயதானவர்களுக்கும் சிறுநீர் போக்கும் குளிசை எடுப்பவர்களுக்கும் அது ஆபத்து. உப்புப் போட்ட தெளிந்த சூப், வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கிற ஜீவனிக் கரைசல் என்று கலந்து குடிக்க வேண்டும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மக்னீசியம் தேங்கும் என்பதால் இதை எழுதமாட்டார்கள்.

போன வருடம் குடித்தது இரண்டு லீற்றர் வகை. அதே பொலிஎதிலீன் கிளைக்கோல்தான், விற்றமின் சி கூடுதலாகச் சேர்த்தது. அந்த விற்றமினில் உறிஞ்சப்படாத மிச்சமும் தண்ணீரை இழுக்கும், அதனால் அளவு பாதியாகிறது. மேலதிகமாக ஒரு லீற்றர் தெளிந்த பானம் குடிக்கச் சொல்வார்கள். ருசி? தேசிக்காய் கொஞ்சம் கூட, கடல் கொஞ்சம் குறைவு. நாலு தரத்தில் எனக்குப் பிடித்தது இதுதான். பிடித்தது என்ற சொல் இங்கே பொருந்துமா தெரியவில்லை.

2025 ஜூன் 5, பகல் 1.20

அப்பம்மாவுக்கு.

எங்கள் வீட்டிலும் பள்ளி விடுமுறை தொடங்கினால் ஒரு நாள் பேதிக்குக் குடிக்கிற நாள். விடியற்காலை, வெறும் வயிறு, ஆமணக்கெண்ணெய். மூக்கைப் பொத்தி ஊற்றுவது அம்மா, காலைப் பிடிப்பது மாமா. சில வருடம் நிலாவிரை அவித்த தண்ணீர். பத்து மணிக்குள் நாலைந்து தரம் ஓடி, பிறகு மோர்ச் சோறு. பூச்சி போனதோ இல்லையோ, அன்றைக்கு யாரும் மாங்காய்க்குக் கல் எறியவில்லை.

எண்ணெய் என்ன செய்கிறது? குடலைப் பிழிகிறது. உள்ளே இருந்தது வரும், ஆனால் சுவரில் ஒட்டினது ஒட்டினபடி. கமராவுக்குச் சுவர்தான் முக்கியம். சில மில்லிமீற்றர் உயரத்தில் ஒரு சின்னத் தடிப்பு இருந்தாலும் கண்ணில் பட வேண்டும். அப்பம்மா சொல்வது வயிறு கழிகிற கணக்கு, டொக்டர் கேட்பது குசினித் தட்டு மாதிரிக் கழுவின குடல். கடைசியில் போவது வெளிர் மஞ்சள் தண்ணீராக, அடி தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். மண்ணிறத் தண்ணீர் என்றால் இன்னும் முடியவில்லை. கலங்கலாகவே நின்றால் ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நிலாவிரையை முழுக்கத் தள்ளவும் கூடாது. சென்னா என்று குளிசையாகச் சில இடங்களில் இந்த மருந்துகளோடு சேர்த்தே கொடுக்கிறார்கள். அப்பம்மா கால்வாசி சரி.

2025 ஜூன் 6, இரவு 8.30

சாப்பாடு. நிலாவெளியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தா.

மூன்று நாள் முன்பிருந்தே நாரும் விதையும் வேண்டாம். சிவப்பரிசி, குரக்கன், கீரை, முருங்கைக்காய், பருப்பு, கச்சான், கொய்யா, தேங்காய்ப்பூப் போட்ட பிட்டு எல்லாம் விலக்கு. வெள்ளைப் பச்சரிசிச் சோறு, வெள்ளை மா இடியப்பம், சொதி, பாரை மீன், முட்டை, பாண், தயிர் சாப்பிடலாம். சொதியில் வெங்காயத்தையும் மிளகாயையும் ஒதுக்கிவிடுங்கள். பரிசோதனைக்கு முதல்நாள் பெரும்பாலான இடங்களில் தெளிந்த பானம் மட்டும். அல்லது காலையில் மட்டும் லேசான சாப்பாடு. பிளேன்ரீ, இளநீர், வடித்த தேசிக்காய்த் தண்ணீர், தெளிந்த சூப், மாமைற் கரைத்த சுடுதண்ணீர். பால் கூடாது. சிவப்பு, ஊதா நிறத்தில் ஒன்றும் குடிக்க வேண்டாம், உள்ளே இரத்தம் மாதிரித் தெரியும். சோடா வேண்டுமென்றால் வெள்ளைச் சோடா, நெக்ரோ மாதிரிச் சிவப்புச் சோடா கூடாது.

கத்தரிக்காய்தான் என் எதிரி. 2019இல் இரண்டு நாள் முன்பு மச்சாள் வீட்டில் ஒரு கத்தரிக்காய்ப் பால்கறி. பரிசோதனையில் தாதி உறிஞ்சு குழாயை இரண்டு தரம் கழற்றிக் கழுவினா. விதை அடைத்துவிட்டதாம். மயக்க மருந்து அரைகுறையாக வேலை செய்துகொண்டிருக்க, "கத்தரி" என்று டொக்டர் சொன்னது எனக்குக் கேட்டது. மனிதர் சமையல் தெரிந்தவர் போல.

2025 ஜூன் 7, காலை 7.15

மேலே "மூன்று நாள்" என்று அடித்துச் சொன்னது எனக்குச் சரி, எல்லாருக்கும் இல்லை. மருத்துவத் துறையில் இருக்கிற தங்கை ஒருவர் தனியாக எழுதித் திருத்தினார். 2025இல் அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் வெளியிட்ட பரிந்துரையில், சிக்கலில்லாத ஆட்களுக்குச் சாப்பாட்டுக் கட்டுப்பாடு முதல்நாள் மட்டும் போதும் என்றும், அன்றைக்கும் காலையிலும் பகலிலும் நார் குறைந்த சாப்பாடு சாப்பிடலாம் என்றும் இருக்கிறதாம். நாள்பட்ட மலச்சிக்கல் உள்ளவர்களுக்கும் என்னைப் போல ஒரு தரம் கெட்டுப்போனவர்களுக்கும் கூடுதலாகப் பார்ப்பார்கள். உங்கள் துண்டில் என்ன இருக்கிறதோ அதன்படி செய்யுங்கள். கத்தரிக்காயில் மட்டும் நான் மாறமாட்டேன்.

2025 ஜூன் 8, இரவு 11.10

சாம்பல்தீவுத் தம்பி கேட்டார்: "இரண்டாம் பாதியை விடியற்காலையில் குடித்துவிட்டு வானில் போகலாமா?"

போகாதீர்கள்.

திருகோணமலையிலிருந்து கண்டிக்குச் சுமார் 180 கிலோமீற்றர். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை. 2014இல் எல்லாவற்றையும் எட்டு மணிக்கே முடித்துவிட்டேன், இனி ஓடாது என்ற நம்பிக்கையில் இரண்டரைக்கு ஏறினேன். பஸ் நிலையத்தடியில் மான்கள் றோட்டில் படுத்துக் கிடந்தன, வழக்கம்போல. சாரதி நல்ல மனிதர், கோன் அடிக்காமல் காத்திருந்தார். ஒரு மான் எழும்பி, நின்று, எங்களைப் பார்த்து, திரும்பப் படுத்தது. என் வயிற்றுக்குள் அந்த நேரம் என்ன நடந்தது என்பதை இங்கே எழுதமாட்டேன். கந்தளாயில் ஒரு தேத்தண்ணிக் கடை திறந்திருந்தது. அந்தக் கடைக்காரர் என்றைக்கும் நன்றாக இருக்கட்டும். அதற்குப் பிறகு ஹபரணை வரைக்கும் காடு. ஓரத்தில் ஒதுங்கலாம் என்றால் சாரதி கதவைத் திறக்க மறுத்துவிட்டார். "அண்ணை, யானை நிற்கும்." நின்றதும்தான், சற்றுத் தள்ளி, ஒரு கறுப்புச் சுவர் மாதிரி.

கணக்கு இதுதான். இரண்டாம் பாதியைப் பரிசோதனைக்கு நாலு முதல் ஆறு மணித்தியாலம் முன் தொடங்கி, குறைந்தது இரண்டு மணித்தியாலம் முன் முடிக்க வேண்டும். காலை ஒன்பது மணிப் பரிசோதனை என்றால் விடிய மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையில் தொடங்கி ஏழுக்குள் கடைசி மிடறு. அந்த நேரம் நீங்கள் கந்தளாயிலும் ஹபரணையிலும் இருக்க முடியாது. முதல்நாளே போய், ஆஸ்பத்திரிக்குக் கிட்ட ஒரு அறை எடுங்கள். அறைக்குள்ளேயே கக்கூசு இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா என்று திறந்து பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். செலவுதான். திரும்ப ஒரு தரம் போகிற வான் காசோடு ஒப்பிட்டால் பெரிதில்லை. நான் 2014இல் இரண்டு வான் காசும் கட்டினவன்.

இன்னொரு வழி, பகல் இரண்டு மூன்று மணிக்கு முறை கேட்பது. பின்னேரப் பரிசோதனைக்கு முழு மருந்தையும் அன்று காலையிலேயே குடிக்கலாம் என்று வழிகாட்டிகள் சொல்கின்றன. ஆனாலும் குடிப்பது கண்டியில்.

2025 ஜூன் 10, மாலை 5.45

குளிசைகள், சுருக்கமாக. எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம், துண்டில் எழுதி வாங்குங்கள்.

இரும்புச் சத்துக் குளிசை ஒரு கிழமைக்கு முன்பே நிற்க வேண்டும், மலம் கறுப்பாகக் களி மாதிரி ஒட்டும். இரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மருந்துகளைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பிரெஷர்க் குளிசைகளில் பெரும்பாலானவற்றை ஒரு மிடறு தண்ணீரோடு போடச் சொல்வார்கள். சீனிக்கு மெற்போமின், இன்சுலின் எல்லாம் அன்றைக்கு அளவு மாறும், சாப்பாடு இல்லாமல் வழமையான அளவு போட்டால் சீனி இறங்கிவிடும். எம்பாகிளிபுளோசின் வகை என்றால் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். அப்பாவுக்குக் கை நடுங்கி வியர்த்தால் சீனி போட்ட பிளேன்ரீயோ குளுக்கோஸ் தண்ணீரோ குடிக்கலாம், அது தெளிந்த பானம்தான். மருந்துக் கரைசலுக்குள் மட்டும் சீனியோ சர்பத்தோ கலக்காதீர்கள், உப்புக் கணக்குக் குழம்பும். இப்போது கச்சான் காற்றுக் காலம் வேறு, சும்மாவே தொண்டை வறளும்.

2025 ஜூன் 12, இரவு 9.00

ஒருவர் வெளிநாட்டிலிருந்து தம்பி அனுப்பிய "45 மில்லிலீற்றர் போத்தல், இரண்டு தரம், அவ்வளவுதான்" என்ற மருந்தைப் பற்றிக் கேட்கிறார். பழைய சரக்கு போல. லேபலில் சோடியம் பொஸ்பேற்று என்று இருந்தால் மூடி அலமாரியில் வையுங்கள், இல்லை, எறிந்தே விடுங்கள். ஒரு காலத்தில் எல்லாருக்கும் பிடித்த மருந்து, காரணம் அளவு சின்னது. பொஸ்பேற்றும் கல்சியமும் சேர்ந்து சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் படிகமாக அடைத்துச் சிலருக்குச் சிறுநீரகமே போனது. 2008 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் எச்சரித்தது. மருந்துத் துண்டில்லாமல் குடல் கழுவ விற்பதும் அங்கே அதோடு நின்றது. பதவிசிறிபுரப் பக்கம் சிறுநீரக நோய் எத்தனை வீட்டில் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். தனக்கு இருப்பதே தெரியாதவர்களும் உண்டு.

2025 ஜூன் 13, காலை 10.30

இன்னொருவர்: "எங்கள் காலத்தில் மனிற்றோல் சேலைன் போத்தலை உடைத்து ஊற்றிக் குடிக்கக் கொடுத்தார்கள், இனிப்பாக நன்றாக இருந்தது."

இனிப்புத்தான் வில்லன், ஐயா. அதைக் குடலில் இருக்கிற பக்றீரியா தின்று ஐதரசன் வாயு விடும். அங்கே பொலிப் என்கிற ஒரு தடிப்பை மின்சாரத்தால் சுட்டு வெட்டினால்? 1979இல் பிரான்ஸிலிருந்து அப்படி ஒரு வெடிப்பும் மரணமும் அறிக்கையாக வந்தது. நீங்கள் இனிப்பையும் குடித்து, இதை எழுதவும் இருக்கிறீர்களே, கோணேசருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிடுங்கள்.

2025 ஜூன் 15, இரவு 8.10

குடிக்கிற வித்தை, கடைசி நேரத்துக்கு:

குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், குளிர்ந்தால் உப்பு குறைவாகத் தெரியும். பெட்டி இல்லாத அறை என்றால் ஐஸ் வாங்கி வாளியில் போத்தலை இறக்குங்கள். ஸ்ட்ரோவை நாக்கின் பின்பக்கம் வைத்து உறிஞ்சுங்கள். ஒவ்வொரு கிளாசுக்கும் நடுவில் தேசிக்காய்த் துண்டை நக்கலாம். குமட்டினால் அரை மணித்தியாலம் நிறுத்தி நடந்துவிட்டுத் திரும்பத் தொடங்கலாம். வாந்தி நிற்காவிட்டால், வயிறு ஊதி வலித்தால், தலை சுற்றி விழுந்தால் குடிப்பதை நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பின்பக்கத்துக்கு வாசலின் முதலிலேயே பூசுங்கள், ஐந்தாம் தரத்துக்குப் பிறகு பூசிப் பிரயோசனமில்லை. மெல்லிய சாரம். முடிச்சுப் போடவேண்டாம், நேரம் இருக்காது.

2025 ஜூன் 20, இரவு 7.25

தம்பி அறிக்கையின் படத்தை அனுப்பி, "9இல் 8 என்று போட்டிருக்கிறது, ஒரு புள்ளி ஏன் குறைந்தது" என்று கேட்கிறார். அப்பாவைவிட மகன் சோதனைப் பெறுபேறு மாதிரிப் பார்க்கிறார்!

அது போஸ்ரன் அளவு, குடல் எவ்வளவு சுத்தம் என்று போடுகிற புள்ளி. பெருங்குடலை வலது, நடு, இடது என்று மூன்றாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை கொடுப்பார்கள். ஒவ்வொன்றிலும் 2 இருந்தால் போதும். எனக்கு 2014 முதல் தரம் மொத்தம் 6, ஆனால் வலதில் 1, நடுவில் 2, இடதில் 3. அந்த ஒற்றை ஒன்றுக்காகத்தான் திரும்பப் போனேன். அப்பாவுக்கு 2, 3, 3. மிக நல்லது. விடிய நாலு மணிக்கு அறையில் மகன் கிளாஸ் கிளாஸாக எண்ணி ஊற்றிக் கொடுத்தாராம், அப்பா ஜன்னலால் ஊற்றப் பார்த்த ஒன்றைத் தவிர.

2025 ஜூன் 21, காலை 6.30

அப்பாவின் கேள்வி: கத்தரிக்காய் எப்போது சாப்பிடலாம்?

ஒன்றும் வெட்டி எடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறதே, இன்றைக்கே சாப்பிடலாம். ஜன்னலுக்குக் கீழே என்ன மரம் நின்றது என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள், தம்பி.